அக்கா வீட்டு எண்ணெய்க் கணக்கு!

பி.காம். படித்தவனுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு தனி மரியாதை உண்டு. மாலை மரியாதை இல்லை ஸார். எண் என்று எது கண்ணில் பட்டாலும் அதை நம் தலையில் கட்டிவிடுகிற மரியாதை! கரண்ட் பில் ஏன் ஏறியது, சீட்டுக்காரன் சொல்கிற தள்ளு சரியா, மொய் நோட்டில் கூட்டல் எங்கே உதைக்கிறது... எல்லாவற்றுக்கும் ‘அதான் கணக்குப் படிச்சவன் இருக்கானே’ என்பார்கள்.

நான் இருப்பது பெரம்பலூர். அக்காவைக் கொடுத்திருப்பது அரியலூர். நடுவில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். இந்த இரண்டு ஊருக்கும் உள்ள உறவே ஒரு தினுசு. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து ஒரே மாவட்டமாகக் குடித்தனம் ஆரம்பித்தார்கள். 2001-ல் தனிக்குடித்தனம். 2002-ல் மறுபடி ஒரே வீடு. 2007-ல் திரும்பவும் பாகப்பிரிவினை. என் அக்காவும் மாமாவும் போடுகிற சண்டைக்கு இது எவ்வளவோ தேவலை!

அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தாள்.

“டேய் தம்பி, இதுல எது வரவு, எது செலவுன்னு பார்த்துச் சொல்லு.”

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. அதாவது, வாசல்படியில் ஒரு கால் வைத்தாச்சு. மேலே பேனாவால் எழுதியிருந்த எடை 82 கிலோ.

உடம்பில் இருப்பு ஏராளம், கல்லாவில் காசு இல்லை என்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பெனி.

பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர் (பெயரும் ஊரும் எதற்கு?) அரை நிமிஷத்தில் ஆலோசனையை முடித்திருக்கிறார். “வெயிட் ஜாஸ்தி. வாயைக் கட்டுங்கம்மா. நெக்ஸ்ட்!” அக்காவும் கட்டினாள். காலையில் காபியும் ரெண்டு பிஸ்கட்டும். மதியம் ரசம் சாதம். ராத்திரி ஒன்றுமில்லை. முட்டை, பருப்பு, கீரை எல்லாம் ‘டயட்’ என்ற பெயரில் நிறுத்தியாச்சு. சாயங்காலம் பசி தாங்காமல் டப்பாவில் இருந்த முறுக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் தொடர்ந்திருக்கிறது. பதினோராம் நாள் குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தாள். நல்லவேளை, குடம் பிளாஸ்டிக். தலையும் தப்பித்தது.

நஷ்டத்தில் ஓடுகிற முதலாளி முதல் வேலையாக வாட்ச்மேனைத்தான் நிறுத்துவார். முதலாளியின் கார் அப்படியே இருக்கும். அக்கா செய்ததும் அதேதான்.

இது அக்கா ஒருத்தியின் கதையாக இருந்தால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை. நாலு வருஷத்துக்கு முந்தைய ஆய்வில் இது 30.9. இந்தியா முழுவதற்கும் பார்த்தால் 24 சதவிகிதம்தான். சரி, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று சந்தோஷப்படலாமா? அதே ஆய்வு, அதே தமிழ்நாடு, அதே பெண்கள்... ரத்தசோகை 53.4 சதவிகிதம்! பாதிக்கு மேல். இரண்டு கூட்டமும் முழுக்கத் தனித்தனி என்று நினைக்க வேண்டாம். அக்கா மாதிரி ரெண்டு பட்டியலிலும் பெயர் உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். (ஆண்கள் சிரிக்க வேண்டாம். நம் அதிக எடைக் கணக்கு 37 சதவிகிதம்.)

ஆகவே பிரச்னை ‘குறைவாகச் சாப்பிடு’ என்பதில் தீராது. எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது என்பதில்தான் இருக்கிறது. அதற்கு ஆடிட்டிங் வேண்டும்.

“ஒரு வாரம் உன் சமையல்கட்டில் உட்காரப் போறேன்”னு சொன்னேன்.

“உட்காரு. ஆனா எதையும் எடுத்துத் தின்னாதே. அப்புறம் கணக்கு உதைக்கும்” என்றாள்.

*

கலோரி என்கிற சமாச்சாரத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம். விஞ்ஞானிகள் இதைக் கிலோகலோரி என்பார்கள். நாம் கிலோவை விட்டுவிட்டுக் கலோரி என்கிறோம். (உடம்பில்தான் விட முடியவில்லை!) பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர், ஆட்களை ஒரு பெட்டி மாதிரி அறைக்குள் விட்டுச் சாப்பாடு போட்டு, அவர்கள் உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அளந்து பார்த்தார். அவர் காலத்துக் கணக்குத்தான் இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4. புரதம் ஒரு கிராமுக்கு 4. கொழுப்பு? 9!

ஒரே எடைக்கு ரெண்டு மடங்குக்கு மேல். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு யார் கணக்குப் போட்டது? அதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம், குன்னூர் போதும். 1918-ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில், மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாம் சாப்பிடுகிற அரிசி, பருப்பு, கீரை, கருவாடு ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அவர்கள் போட்ட அட்டவணைப் புத்தகம்தான் அந்த வாரம் முழுக்க எனக்கு லெட்ஜர்.

முதல் நாளே மாட்டியது எண்ணெய்.

நாலு பேர் குடும்பம். அக்கா, சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் மாமா, ஹைஸ்கூல் படிக்கும் ரெண்டு பையன்கள். மாசத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்று மளிகை நோட்டைப் புரட்டினேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் சேர்த்து ஐந்து லிட்டர்.

ஐந்து லிட்டர் என்றால் எடையில் சுமார் நாலரைக் கிலோ. கிராமுக்கு 9 வீதம் ஏறக்குறைய 41,000 கலோரி. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி. சோறு இல்லை, குழம்பு இல்லை, வெறும் எண்ணெய்! கிராமில் சொன்னால் ஆளுக்கு 38. உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு 20 கிராம் சமையல் எண்ணெய் போதும் என்று அந்த ஹைதராபாத் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

மாமாவிடம் சொன்னேன். மனுஷர் ஆடிப் போய்விட்டார்.

“அஞ்சு லிட்டரா? நான் எண்ணெயே குடிக்கிறதில்லையேப்பா!”

“அப்பளம் குடிக்குது மாமா. நீங்க அப்பளத்தைக் குடிக்கிறீங்க.”

பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டுகிற வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. அது மறுநாள் குழம்பில் இறங்கும். அதற்கும் மறுநாள் பொரியலில். ஆக, ஐந்து லிட்டரும் வயிற்றுக்குத்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது வேறு கெடுதல். 2018 ஜூலையிலிருந்து ஓட்டல்களுக்கு அதில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பே வைத்திருக்கிறது. அக்காவின் சமையல்கட்டுக்கு எந்த ஆணையம் வரும்? நான்தான் வந்திருக்கிறேன்.

*

எண்ணெயைக் குறைக்கச் சொன்னதும் அக்கா நேராக எதிர்முனைக்குப் போய்விட்டாள். “அப்போ நாளையிலிருந்து எண்ணெயே இல்லாத சமையல்!”

கூடவே கூடாது. காரட், கீரையில் இருக்கிற வைட்டமின் ஏ சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமென்றால் கூடவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயே காட்டாமல் அவித்த கீரை, முகவரி எழுதாத மணியார்டர் மாதிரி. அனுப்பியது நிஜம், போய்ச் சேர்வது சந்தேகம். தவிர, வாசனையைச் சுமந்துவந்து மூக்கில் சேர்ப்பதே எண்ணெய்தான். அதை ஒரேயடியாக எடுத்தால் மூணாம் நாள் மாமா ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவார்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். சட்டியில் முதலில் ஊற்றுகிற எண்ணெயில் பெரும்பகுதி காயை ஒட்டாமல் வதக்குவதற்கு. அந்த வேலையை மூடியும் ஒரு கை தண்ணீரும் செய்யும். வாசனைக்கு ஊற்றுகிற எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். ஆனால் அதைக் கடைசியில் ஊற்ற வேண்டும். அக்கா அப்படியே செய்தாள். பீன்ஸைத் தண்ணீர் தெளித்து மூடி வேக வைத்து, இறக்கும்போது ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினாள். மூணு கரண்டி ஊற்றிய பழைய பொரியலை விட வாசனை தூக்கியது. நாக்குக்கு முதலில் படுவது மேலே இருப்பதுதானே!

தோசைக் கல்லுக்கு நம் பாட்டிகள் வைத்திருந்த கருவி உங்களுக்கே தெரியும். பாதியாக வெட்டிய வெங்காயம்! அதைக் கரண்டிக் காம்பில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் ஒரு தேய். தோசையைச் சுற்றி எண்ணெயால் கோலம் போடுவதை நிறுத்தினாலே, தோசைக்கு 40 கலோரி மிச்சம். ஒரு டீஸ்பூன் எண்ணெயின் கணக்கு அது. மாமா ராத்திரி சாப்பிடுவது ஐந்து தோசை. பெருக்கிக்கொள்ளுங்கள்.

வெங்காயம் என்றதும் எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லாவிட்டால் சோறு செரிக்காது. செட்டிகுளம் பக்கம் போய்ப் பாருங்கள், சின்ன வெங்காயம்தான் அங்கே வாழ்க்கை. அக்கா வீட்டுச் சட்னி அதுவரை அரை மூடித் தேங்காய்ச் சட்னி. தேங்காய் ரொம்ப ருசி, ரொம்பக் கலோரி. 100 கிராமுக்கு 400-க்கு மேல். சின்ன வெங்காயம் 100 கிராமுக்கு அறுபதுக்குள்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம், தக்காளி, வரமிளகாய், ஒரு பல் பூண்டு வதக்கி அரைத்த சட்னிக்கு இட்லி கூடுதலாக ரெண்டு இறங்குகிறது என்பது மட்டும்தான் ஆபத்து! தேங்காயை அடியோடு தள்ளவில்லை, பாதியாக்கினோம்.

காரக்குழம்புதான் பெரிய போராட்டம். ‘எண்ணெய் மிதக்கணும்’ என்பது எங்கள் அம்மா எழுதாமல் விட்டுப்போன உயில். மிதக்காத குழம்பு குழம்பே இல்லை என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஒரு சமரசம். ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் ஒரு பெரிய கை சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் மூடி போட்டுப் பொறுமையாக வதக்கி, அதில் பாதியை அரைத்துக் குழம்பிலேயே விட்டாள். கெட்டியாக, பளபளப்பாக வந்தது. மிதக்கவில்லைதான். ஆனால் மாமா தட்டைத் துடைத்த விதத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் குழம்பை இரும்புச் சட்டியில் வைக்கச் சொன்னது என் யோசனை. புளி சேர்ந்தால் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். 8.9-க்கு அதுவும் ஒரு சின்ன வரவு. பரண் மேலே சீர்வரிசையில் வந்த சட்டி துருப்பிடித்துக் கிடந்தது. தேய்த்து எடுக்க ஒரு நாள் பிடித்தது. தேய்த்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை. என் தோள்பட்டைக்குத் தெரியும்.

குழிப்பணியாரச் சட்டியில் வடை சுடலாம் என்று யாரோ சொன்னார்கள். குழிக்கு நாலு சொட்டு எண்ணெய், கடலைப்பருப்பு மாவு... அழகாகத்தான் வந்தது. மாமா ஒன்றைக் கடித்து, கொஞ்ச நேரம் யோசித்து, “இது வடை இல்லப்பா, வடைக்கு ஒண்ணு விட்ட தம்பி” என்றார். என் கட்சியும் அதுதான். போலி வடை அஞ்சு சாப்பிட்டு மனசு நிறையாமல் ஆறாவதைத் தேடுவதை விட, வாரத்துக்கு ஒரு நாள் அசல் வடை ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மற்ற நாளில் அதே கடலைச் சுண்டலாக வரட்டும். சுண்டலுக்கும் வடைக்கும் நடுவே நிற்பது எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான்.

*

சர்க்கரை, பால் ரெண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அக்காவுக்கு நாளைக்கு நாலு டீ, தலைக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் 40 கிராம். 160 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை மூன்றாக்கி, சர்க்கரையை ஒரு ஸ்பூன் ஆக்கினோம். முதல் வாரம் கஷாயம் குடிக்கிற முகம். மூன்றாம் வாரத்தில் பழைய டீயைக் கொடுத்தால் “என்னடா பாயசம் மாதிரி?” என்றாள்.

பாலில் இருப்பது சுவாரஸ்யமான கணக்கு. நிறை கொழுப்புப் பாலில் 6 சதவிகிதம் கொழுப்பு. ‘டோன்டு’ பாலில் 3. குறைவது கொழுப்புத்தான். கால்சியமும் புரதமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நாளைக்கு 300 மில்லி குடித்தால் 80 கலோரி மிச்சம். எந்தச் சத்தும் சொல்லிக்கொள்கிற மாதிரி போகவில்லை. மோர் இன்னும் உத்தமம். 100 மில்லி மோரில் 15 கலோரிதான் என்கிறது அட்டவணை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இயற்கை அங்காடி இருக்கிறது. அக்காவைக் கூட்டிப் போனேன். கடைக்காரர் நாட்டுச் சர்க்கரையைக் காட்டி, “இதுல கலோரியே கிடையாதும்மா” என்றார். பாவம், நல்ல மனுஷர். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்தில் பத்து சதவிகிதம் முன்னே பின்னே இருக்கும். நிறம் மாறினால் ரகம் மாறாது. ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டில் சர்க்கரைதான் ஃப்ரீ. மைதாவும் வனஸ்பதியும் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருக்கும். சர்க்கரைக்குப் பதில் போடுகிற செயற்கை இனிப்புகளையும், எடை குறைப்பதற்கென்று நம்பி எடுக்க வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

அடுத்து வரகு. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, கம்பும் வரகும் சாமியாகிவிட்டன. நானும் பக்தன்தான். ஆனால் கணக்கு வேறே. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வரகில் சுமார் 330. இந்தக் கூரை வித்தியாசத்துக்காக யாரும் மெலிய மாட்டார்கள். வரகின் பெருமை நார்ச்சத்து. மெதுவாகச் செரிக்கும், பசி தள்ளிப் போகும், அதனால் தட்டு சின்னதாகும். அதுவும் தவிடு போகத் தீட்டி வெள்ளை வெளேர் என்று வாங்கினால் அந்தப் பெருமையிலும் பாதி போச்சு. நெய் மிதக்க, ஜெயங்கொண்டம் முந்திரியை அள்ளிப் போட்டு வரகுப் பொங்கல் பண்ணிவிட்டு ‘டயட்’ என்று சொல்பவர்களை என்ன செய்வது? முந்திரி 100 கிராமுக்கு 580 கலோரி ஐயா!

எங்கள் வயல்களில் நிற்கும் மக்காச்சோளமும் பாவம். பெரும்பாலும் நாமக்கல் கோழிக்குத்தான் போகிறது. கோழி அதைத் தின்று முட்டை போடுகிறது. அந்த முட்டை 70 கலோரியில் 6 கிராம் புரதத்தோடு நம்மிடம் திரும்பி வருகிறது. இதை விட நல்ல ரிடர்ன் எந்த ஃபைனான்ஸிலும் கிடையாது. அக்காவுக்கு நாளைக்கு ஒரு முட்டை கட்டாயம் என்று எழுதினேன்.

*

சோறு. இதைத் தொடும்போதுதான் வீட்டில் நிசப்தம்.

2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் மாநாட்டில் கொழும்பிலிருந்து ஒரு ஆய்வு போனது. சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவர், அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜா. கொதிக்கிற தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, அரைக் கப் அரிசி போட்டு வேகவைத்து, பன்னிரண்டு மணி நேரம் ஃப்ரிஜ்ஜில் குளிர வைத்தால் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சுலபத்தில் செரிக்காத மாவாக மாறுகிறது என்பது அவர்கள் சொன்னது. செரிக்காதது கலோரியாகாது. சரியான ரகம் வாய்த்தால் பாதிக் கலோரி கூடக் குறையலாம் என்று நம்பிக்கை தெரிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் துள்ளிக் குதித்தன. நான் துள்ளவில்லை. அது ஆய்வகச் சோற்றில் பார்த்தது. மனுஷ வயிற்றில் அவ்வளவு குறையும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடுகிறது என்பது பல இடங்களில் பார்த்த சங்கதிதான்.

அக்காவிடம் இதை விளக்கினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, “நம்ம அப்பத்தா தினம் பழைய சோறுதானே சாப்பிட்டுச்சு? அது அமெரிக்காவுக்கா போச்சு?” என்றாள்.

நியாயம்தான். பழைய சோறும் மோரும் நாலு சின்ன வெங்காயமும் மேஜைக்கு வந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி நடத்துகிற காலம் இது. ஒரு எச்சரிக்கை மட்டும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்படியில் ராத்திரி முழுக்கக் கிடந்த சோற்றைக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடாதீர்கள். அதில் வளருகிற கிருமி சூட்டுக்கும் அடங்காது.

தினம் 300 கிராம் அரிசி வடித்துச் சாப்பிட்டவளுக்கு 240 ஆக்கினோம். 210 கலோரி மிச்சம். அந்த மிச்சத்தை அப்படியே விட்டால் பழைய மயக்கம்தான். ஆகவே எடுத்ததில் முக்கால் பங்கைத் திருப்பிப் போட்டோம். முட்டை ஒன்று. ஒரு கரண்டி பருப்பு கூடுதல். ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை. கொல்லையில் மரம் நிற்கிறது, ஆடு தின்றுகொண்டிருந்தது! நூறு கிராம் முருங்கைக்கீரையில் 6 கிராமுக்கு மேல் புரதம், பாலை விட அதிகக் கால்சியம். கீரைச் சோற்றின் மேல் அரை மூடி எலுமிச்சை பிழியச் சொன்னேன். கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன்.

“டீயைத் தள்ளிக் குடிக்கணும், சோறு ஆறிச் சாப்பிடணும், வடை வாரம் ஒண்ணு... நீ பி.காம். படிச்சியா, போலீஸ் டிரெயினிங் போனியா?”

இதெல்லாம் அக்காவின் கணக்கு. அதே கணக்கை வீட்டில் எல்லாருக்கும் போட்டால் தப்பு. ஷிப்ட் முழுக்க நிற்கிற, ஏறி இறங்குகிற மாமாவுக்குச் சக்தி வேண்டும். அவர் தட்டில் மட்டும் இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் தனியாக. வளருகிற பசங்களுக்குச் சாயங்காலம் ஒரு கை அவித்த வேர்க்கடலை. சமையல் ஒன்றுதான், தட்டு வேறு வேறு. அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அரை நிமிஷத்துக்கு மேல் பேசுகிற டாக்டராகப் பார்த்து!

அக்காவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். 8.9-ஐச் சாப்பாட்டால் மட்டும் தூக்கிவிட முடியாது என்று அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

*

நாலு மாசம் கழித்து ஐந்தொகை போட்டேன்.

எண்ணெய் ஐந்து லிட்டரிலிருந்து மூன்று. ஆளுக்கு நாளைக்கு 136 கலோரி மிச்சம். டீச் சர்க்கரையில் 100. பாலில் 80. தேங்காயில் 75. சோற்றில் எடுத்ததும் போட்டதும் போக 40. ஆக மொத்தம் நாளைக்குச் சுமார் 430. நாலு மாசத்துக்கு 51,600. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. வகுத்தால் ஆறு கிலோ எழுநூறு கிராம் குறைந்திருக்க வேண்டும்.

தராசு காட்டியது 77.5. குறைந்தது நாலரைக் கிலோ.

“ரெண்டு கிலோ இருநூறு எங்கே?” என்றேன் ஆடிட்டர் குரலில்.

அக்கா மோட்டுவளையைப் பார்த்தாள். மாமா எடுத்துக் கொடுத்தார். “ஆடிப் பெருக்கு. ரெண்டு கல்யாணம். கீழப்பழுவூர் காதுகுத்து.” எடை குறையக் குறைய உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்பது விஞ்ஞானம். அதையும் காதுகுத்தையும் சேர்த்து சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு நோட்டை மூடினேன்.

ஹீமோகுளோபின் 11.1. சர்க்கரை 101. அக்கா இப்போது குடத்தோடு நடந்து வருவதை நான் எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். நடுவில் நின்று மூச்சு வாங்கவில்லை. எதிர் வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எங்க வீட்டுல மாசம் ஆறு லிட்டரு...” என்று ஆரம்பித்தார்கள்.

பஸ் ஏறக் கிளம்பியபோது ரயிலடி டீக்கடையில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் மசால் வடை. என்னைப் பார்த்ததும் அதை அவசரமாகக் காகிதத்தில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார். அச்சுக் காகிதத்தில் பலகாரம் மடிக்கவே கூடாது, மை வயிற்றுக்குப் போகும் என்று அந்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஊர்க் கடைகளுக்கு எட்டவில்லை.

“பார்த்தியா? கலோரியை எல்லாம் பேப்பர் இழுத்துக்கிச்சு” என்று வெற்றியோடு காகிதத்தை விரித்துக் காட்டினார்.

வட்ட வட்டமாக எண்ணெய் ஊறியிருந்தது. ஊன்றிப் பார்த்தேன். போன மாசம் நான் எழுதிய கட்டுரை.